வலிப்பு நோய்: நாம் மறைக்க வேண்டியது எதை?

(நவம்பர் 17, தேசிய வலிப்பு விழிப்புணர்வு நாளையொட்டி நம் அறக்கட்டளை நடத்திய குடும்ப நல நிகழ்ச்சியில், நம் இலவச மருத்துவ மையத்தில் சேவையாற்றும் மருத்துவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

ஒரு கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். நம் மஹல்லாவில் ஏறத்தாழ 600 தலைக்கட்டு. வீட்டுக்கு 5 பேர் என்று வைத்தால் 3,000 பேர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆயிரம் பேரில் 4 முதல் 10 பேருக்கு வலிப்பு நோய் இருக்கும். அப்படியானால் நம் மஹல்லாவில் மட்டும் குறைந்தது 12 பேர் இருக்க வேண்டும். 30 பேர் வரைகூட இருக்கலாம். நம் மருத்துவ மையத்துக்கு வலிப்பு என்று சொல்லி வந்தவர்கள் இதுவரை 5 பேர்தான்.

மற்றவர்கள் எங்கே? சிலர் தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று பஸ் ஏறி வெளியூர் போய் மருந்து வாங்குகிறார்கள். சிலர் கையில் கயிறும் கழுத்தில் தாயத்துமாக இருக்கிறார்கள். சிலர் வீட்டின் பின்கட்டில் இருக்கிறார்கள். பின்கட்டு என்று நான் சும்மா சொல்லவில்லை.

என் அத்தாவுக்கு ஒரு தங்கை இருந்தார். எங்களுக்குக் குப்பி. சிறு வயதிலிருந்தே அவருக்கு வலிப்பு வரும். வீட்டுக்கு விருந்தாளி வந்தால், பெருநாளுக்குச் சம்பந்தி வீட்டார் வந்தால், குப்பி பின்கட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். யாரும் போகச் சொல்ல வேண்டியதில்லை, பழகிவிட்டது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒருநாள் கிணற்றடியில் விழுந்துவிட்டார். அக்கம்பக்கத்தார் பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருவர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். ஒருவர் செருப்பை மூக்கருகே கொண்டுபோனார். இரண்டு பேர் கைகால்களை அமுக்கிப் பிடித்தார்கள். கலைந்து கிடந்த அவர் சேலையைச் சரிசெய்ய மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. நினைவு திரும்பியதும் குப்பி முதலில் செய்தது, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு யார் யார் நிற்கிறார்கள் என்று சுற்றிப் பார்த்ததுதான். அன்றைக்குப் பிறகு அவர் முன்கட்டுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

1981-இல், 34 வயதில் அவர் மௌத்தானார். குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளிக்கும்போது வலிப்பு வந்திருக்கிறது. கதவை உடைத்துப் பார்த்தபோது தண்ணீர்த் தொட்டியில் முகம் கவிழ்ந்து கிடந்தார். அவர் கழுத்தில் மூன்று தாயத்துகள் இருந்தன. வீட்டில் வலிப்புக்கான மாத்திரை ஒன்றுகூட இல்லை. பெனோபார்பிட்டோன் என்ற மாத்திரை 1912 முதல் வலிப்புக்குக் கொடுக்கப்படுகிறது. பெனிட்டாய்ன் 1938 முதல். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் அரசு மருத்துவமனையும் இருந்தது. நான் மருத்துவம் படிக்கப் போய்த்தான் இதையெல்லாம் தெரிந்துகொண்டேன்.

நபி (ஸல்) அவர்களிடம் வந்த பெண்மணி

ஹஜ்ரத் அவர்கள் முன்னிலையில் ஹதீஸ் பேச எனக்குத் தயக்கம்தான். தவறிருந்தால் திருத்துவார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் மாணவர் அதாஉ அவர்களிடம், சொர்க்கவாசியான ஒரு பெண்ணைக் காட்டட்டுமா என்று கேட்டு, கறுத்த நிறமுடைய ஒரு பெண்மணியைக் காட்டுகிறார்கள். அந்தப் பெண்மணிக்கு வலிப்பு நோய் இருந்தது. அவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு வலிப்பு வருவதையும் அப்போது ஆடை விலகிவிடுவதையும் சொல்லி, துஆச் செய்யும்படி கேட்டார். பொறுமையோடு இருந்தால் சொர்க்கம் உண்டு, விரும்பினால் குணமாக துஆச் செய்கிறேன் என்று நபியவர்கள் இரண்டையும் அவர் விருப்பத்துக்கு விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்துகொண்டார். ஆனால் ஆடை விலகாமல் இருக்க மட்டும் துஆச் செய்யுங்கள் என்றார். நபியவர்கள் அவ்வாறே துஆச் செய்தார்கள்.

அந்தப் பெண்மணி தம் நோயை மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தாமே வந்து சொன்னார். அவரைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை. இவர் பேய் பிடித்தவர் என்று ஒதுக்கவில்லை. அறிஞர் ஒருவர் தம் மாணவருக்கு, இவரைப் பார் என்று பெருமையோடு காட்டுகிறார். அவரைக் கஅபாவின் திரையருகே கண்டதாக அதாஉ அவர்கள் சொல்வதும் புகாரியில் இருக்கிறது. அதாவது, மக்கள் கூடும் இடத்துக்கு அவர் வந்து போய்க்கொண்டிருந்தார்.

அவர் கவலைப்பட்டது ஒன்றுக்குத்தான்: தம் மானம் காக்கப்பட வேண்டும். என் குப்பியும் கிணற்றடியில் அதைத்தான் தேடினார். மறைக்க வேண்டியது அந்த நேரத்தில் விலகிய ஆடையை. நாமோ ஆடையை விட்டுவிட்டு நோயை மறைக்கிறோம், நோயாளியையே மறைக்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொறுமை என்றால் மருந்து வேண்டாம் என்று பொருளல்ல. நோயை இறக்கிய அல்லாஹ் அதற்கு நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்றும், மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்றும் சொன்னவர்களும் நம் நபி (ஸல்) அவர்கள்தாம். இப்னு சீனா தம் மருத்துவ நூலான கானூனில் வலிப்பை மற்ற நோய்களோடு ஒரு நோயாக வைத்துக் காரணம், அடையாளம், மருந்து என்று எழுதியிருக்கிறார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம்மவர்கள் அடைந்திருந்த தெளிவு அது.

வலிப்பு என்றால் என்ன?

மூளையின் செல்கள் நுட்பமான மின் துடிப்புகள் மூலம் தமக்குள் பேசிக்கொள்கின்றன. திடீரென்று ஒரு கூட்டம் செல்கள் ஒரே நேரத்தில் கட்டுமீறித் துடித்தால் அதுதான் வலிப்பு. தூண்டும் காரணம் எதுவும் இல்லாமல் இப்படி மறுபடி மறுபடி வந்தால் வலிப்பு நோய் என்கிறோம். பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு குறைவது, தலையில் அடி, மூளைக் காய்ச்சல், பக்கவாதம், பரம்பரைக் கூறு என்று காரணங்கள் பல. ஏறத்தாழ பாதிப் பேருக்குக் காரணம் தெரிவதில்லை. இது ஒட்டுவாரொட்டி அல்ல. வாயில் வரும் நுரை பட்டால் தொற்றாது. மனநோயும் அல்ல.

எல்லா வலிப்பும் கீழே விழுந்து துடிப்பதாக இருக்காது. சில பிள்ளைகள் சில வினாடிகள் அப்படியே உறைந்து வெறித்துப் பார்ப்பார்கள்; பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்வார்கள். மதரஸாவில் ஓதிக்கொண்டிருக்கும்போதே நடுவில் நின்றுவிடுவார்கள். கவனமில்லை என்று அடி வாங்குவார்கள். ஒரு நாளில் பலமுறை இப்படி நடந்தால், உஸ்தாதுமார்கள் தயவுசெய்து பெற்றோரிடம் சொல்லுங்கள். சிலர் வாயை மென்றுகொண்டு, உடையைப் பிசைந்துகொண்டு, கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பார்கள். பேய் பேசுகிறது என்று நாம் பயப்படுவது பெரும்பாலும் இதைப் பார்த்துத்தான்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்குக் கடும் காய்ச்சலில் வரும் ஜன்னி வேறு. அது வந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பின்னால் வலிப்பு நோய் வருவதில்லை. ஆனாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

ஜின், செய்வினை பற்றியெல்லாம் நான் பேச வரவில்லை. நான் ஆலிம் அல்ல. துஆச் செய்யுங்கள், ஓதுங்கள். அந்தப் பெண்மணியும் துஆவைத்தான் கேட்டார். ஆனால் மிளகாய்ப் புகை போடுவது, பிரம்பால் அடிப்பது, மாத்திரையை நிறுத்தினால்தான் தாயத்து வேலை செய்யும் என்பது, இவற்றுக்கெல்லாம் உடன்படாதீர்கள். ஓதிப் பார்க்க வருகிறவர்களை, முதலில் மருத்துவரைப் பாருங்கள் என்று ஹஜ்ரத் அவர்கள் ஒரு சொல் சொன்னால், அது என் நூறு உரைகளுக்குச் சமம்.

கண்ணெதிரே வலிப்பு வந்தால்

இதை வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

1. பதற்றப்படாதீர்கள். மணி பாருங்கள். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடும்.

2. அருகிலுள்ள கல், அடுப்பு, நாற்காலி போன்றவற்றை விலக்குங்கள். தலைக்கு அடியில் துண்டையோ தொப்பியையோ மடித்து வையுங்கள்.

3. கழுத்தை இறுக்கும் பட்டனையும் ஹிஜாபின் ஊசியையும் தளர்த்துங்கள். உடனே ஒரு துப்பட்டாவால் உடலைப் போர்த்துங்கள். பெண்ணாக இருந்தால் ஆண்கள் விலகி நில்லுங்கள். வேடிக்கை பார்ப்பவர்களைக் கலைந்துபோகச் சொல்லுங்கள். செல்போனில் படம் எடுக்க யாரையும் விடாதீர்கள்.

4. துடிப்பு அடங்கத் தொடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வழிந்துவிடும், மூச்சு அடைக்காது.

5. கைகால்களை அமுக்காதீர்கள். பல்லுக்கிடையே கரண்டி, துணி, விரல் எதையும் திணிக்காதீர்கள். முழுத் தெளிவு வரும்வரை தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள். சாவியாலும் செருப்பாலும் வலிப்பு நிற்காது. சாவி கொடுத்து நின்றதாகத் தோன்றுவது, தானாக நிற்கும் நேரம் வந்துவிட்டதால்தான்.

6. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், தெளிவு வராமலேயே அடுத்த வலிப்பு வந்தால், அடிபட்டிருந்தால், தண்ணீரில் வந்தால், கர்ப்பிணியாக இருந்தால், முதல் முறையாக வந்தால், உடனே 108-ஐ அழையுங்கள்.

7. தெளிந்ததும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கூடவே இருங்கள். "ஒண்ணுமில்லம்மா, நான் இருக்கேன்" என்ற ஒரு வார்த்தை போதும்.

மருந்து, நோன்பு, தண்ணீர்

சரியாகக் கண்டறிந்து முறையாக மருந்து எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பில்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மருந்து கட்டணமின்றிக் கிடைக்கிறது. இரண்டு ஆண்டுகள் வலிப்பே வரவில்லை என்றால் மருந்தை மெல்ல மெல்லக் குறைப்பது பற்றி மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாக ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு முன்பைவிடக் கடுமையாகத் திரும்பும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

ரமளான் மாதத்தில் இந்த நோயாளிகள் அதிகம் சிரமப்படுகிறார்கள். பகல் மாத்திரை தவறுகிறது. தராவீஹ் முடிந்து ஸஹர் வரை விழித்திருப்பதால் தூக்கமும் கெடுகிறது. இரண்டுமே வலிப்பைக் கூப்பிடும். ஆகவே ரமளானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். ஸஹரிலும் நோன்பு திறந்த பிறகும் என இரண்டு வேளையில் எடுக்கும்படி சிலருக்கு மருந்தை மாற்ற முடியும். நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், நோயாளிகளுக்கு அல்லாஹ் சூரத்துல் பகராவில் தந்திருக்கும் சலுகையை ஏற்றுக்கொள்ளுங்கள். களாவா, ஃபித்யாவா என்பதை ஹஜ்ரத்திடம் கேளுங்கள். நோன்பு வைக்காத பிள்ளையைப் பார்த்து, "உனக்கென்ன, நல்லாத்தானே இருக்கே" என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

குளியலறையைத் தாழிடாமல், வெளியில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் குளிக்கட்டும். தொட்டியில் இறங்காமல், வாளியில் மொண்டு உட்கார்ந்து குளிப்பது நல்லது. பள்ளியில் ஹவுளின் விளிம்பில் அமராமல் குழாயில் ஒளூச் செய்யட்டும். அடுப்படியில் தனியாக நிற்க வேண்டாம். மருத்துவர் சொல்லும்வரை வண்டி ஓட்ட வேண்டாம். வளைகுடாவுக்குப் போகும் பிள்ளைகள் மருந்துச் சீட்டு இல்லாமல் மாத்திரை எடுத்துப் போகக் கூடாது. சில வலிப்பு மருந்துகள் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை.

வலிப்பைத் தடுக்கவும் ஒரு வழி சொல்கிறேன். பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால், அதன் இளம்புழு மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். நாம்தான் பன்றியைத் தொடுவதே இல்லையே, நமக்கு எப்படி வரும் என்பீர்கள். முட்டை வருவது இறைச்சி வழியாக அல்ல. குடலில் புழு உள்ள ஒரு மனிதரின் மலம் கலந்த மண், தண்ணீர், கழுவாத கை, கழுவாத கீரை வழியாக வருகிறது. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில், பன்றி இறைச்சியே உண்ணாத யூதக் குடும்பங்களில் இந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டு, 1992-இல் மருத்துவ இதழில் வெளியானது. ஆகவே கொத்தமல்லி, வெள்ளரி, கீரையை ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். சமைப்பதற்கு முன்னும், கழிப்பறை போய் வந்த பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நிக்காஹ் பேசும்போது

வலிப்பு உள்ளவர்கள் திருமணம் செய்யலாம், பிள்ளை பெறலாம். அவர்களில் பெரும்பாலோரின் பிள்ளைகளுக்கு வலிப்பு வருவதில்லை. நம் நாட்டில் இந்து திருமணச் சட்டத்திலும் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் வலிப்பை ஒரு தடையாக வைத்திருந்தார்கள். 1999-இல் அதை நீக்கிவிட்டார்கள். முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் 1939-இல் வந்தது. அதில் சொல்லப்பட்ட காரணங்களில் வலிப்பு அன்றைக்கே இல்லை. சட்டத்தில் இல்லாத தடையை நாம்தான் போட்டு வைத்திருக்கிறோம்.

ஆனால் மறைத்து முடிக்காதீர்கள். மறைத்த வீட்டில் முதலில் நிற்பது மாத்திரைதான். புது வீட்டில் யார் கண்ணிலாவது படும் என்று பெண் மாத்திரையை ஒளிப்பாள், பிறகு விட்டுவிடுவாள். கல்யாணக் களைப்பும் தூக்கமின்மையும் சேர்ந்து வலிப்பு வரும். அதன் பிறகு, நோயைவிட ஏமாற்றியதுதான் பெரிய பேச்சாகிவிடும். பேச்சு வார்த்தையின்போதே இரு வீட்டாரும் மருத்துவர் முன் உட்கார்ந்து பேசுங்கள். கேட்கும் வீட்டார், பிடிக்கவில்லை என்றாலும் அந்தச் செய்தியை அமானிதமாக வைத்துக்கொள்ளுங்கள், ஊரில் பரப்பாதீர்கள்.

பெண்களுக்கு ஒன்று. வால்ப்ரோயேட் என்ற மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக் கூடியது. ஆகவே கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றிக்கொள்ளுங்கள். கர்ப்பம் என்று தெரிந்ததும் நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். தாய்க்கு வரும் வலிப்பு குழந்தைக்கும் ஆபத்து.

ஜமாஅத்துக்கு மூன்று வேண்டுகோள்

ஒன்று: பள்ளியிலும் மதரஸாவிலும் வேலை செய்பவர்கள் அனைவருக்கும் வலிப்பு முதலுதவியை ஒருமுறை செய்து காட்டுவோம். இரண்டு: பள்ளியின் ஆண்கள் பகுதியிலும் பெண்கள் பகுதியிலும் ஒரு சுத்தமான போர்வை எப்போதும் இருக்கட்டும். வலிப்பு வந்தவர் மீது போர்த்த அது உதவும். மூன்று: மருத்துவமனைக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு, பெயரைப் பதிவேட்டில் எழுதாமல், அறக்கட்டளை பஸ் கட்டணம் கொடுக்கட்டும். மருந்து இலவசமாக இருந்தும், மாதாமாதம் போய்வரக் காசில்லாமல் விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அன்பானவர்களே, இன்று இந்த மண்டபத்திலும் ஒருவருக்கு வலிப்பு நோய் இருக்கலாம். திரைக்கு அப்பால் ஒரு தாய், தன் பிள்ளையை நினைத்துக்கொண்டு இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். அவர்களிடம் சொல்கிறேன்: திங்கட்கிழமை மாலை அஸருக்குப் பிறகு மருத்துவ மையத்துக்கு வாருங்கள். நான் தனியறையில்தான் இருப்பேன். வந்தது யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு நாள், தெரிந்தாலும் பரவாயில்லை என்று நீங்களே சொல்லும்படியான ஊராக இது மாற வேண்டும். என் குப்பி முன்கட்டில் வந்து உட்கார்ந்திருக்கக் கூடிய ஊராக.

யா அல்லாஹ்! எங்களில் நோயுற்றவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக. மருந்தில் பரக்கத் செய்வாயாக. பிறரின் மானத்தைக் காப்பவர்களாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.